க்யூட் வெளியீட்டில் புதிய ஆட்-ஆன் நூலகத்தைச் சேர்ப்பது எப்படி?

நூலகம் எழுதி முடித்தாயிற்று. உங்கள் கணினியில் ஓடுகிறது, பக்கத்து இருக்கைக்காரர் கணினியிலும் ஓடுகிறது. இனி அது க்யூட்டின் (Qt, செயலிகள் எழுத உதவும் சி++ கட்டமைப்பு) அடுத்த வெளியீட்டோடு சேர்ந்து போக வேண்டும், யார் இன்ஸ்டாலரைத் திறந்தாலும் பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. பெரும்பாலானோர் சிக்கிக்கொள்ளும் இடமும் இதுதான். நிரல் தயாராக இருப்பது வேறு, வெளியீட்டுக்குத் தயாராக இருப்பது வேறு. வெளியீடு என்பது பல இயந்திரங்களும் பல பேரும் கைமாற்றிக்கொண்டு போகும் ஓட்டம். உங்கள் நூலகம் என்று ஒன்று இருப்பது அந்த ஒவ்வொரு கைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கைக்குத் தெரியாமல் போனாலும் அங்கேயே நின்றுவிடும். பல நேரம் சத்தமே இல்லாமல் நின்றுவிடும்.

சி++ தெரியும், கிட் தெரியும், க்யூட்டில் ஓரிரு செயலிகள் எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேசுவதற்கு வசதியாக ஓர் உதாரணம் வேண்டும். க்யூட் பார்கோடு என்று ஒரு நூலகம் எழுதியிருக்கிறீர்கள் என்போம். படத்தில் உள்ள பார்கோடைப் படித்துச் சொல்வதுதான் அதன் முக்கிய வேலை. கேமராவிலிருந்து நேரடியாகப் படிக்கவும் ஒரு பகுதி உண்டு. க்யூட்டில் திரைத்தோற்றத்தை எழுதும் மொழியான கியூஎம்எல்-இல் பயன்படுத்த இன்னொரு பகுதி உண்டு.

ஆட்-ஆன் என்றால் எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள்?

க்யூட் 4 வரை எல்லாமே ஒரே ரெப்போவில் கிடந்தன. 2012 டிசம்பரில் வந்த க்யூட் 5.0-இல்தான் மாட்யூல்களாகப் பிரித்துத் தனித்தனி ரெப்போக்களில் வைத்தார்கள். அப்போதிருந்து இரண்டு வகை. எசென்ஷியல்ஸ் என்பவை ஆதரவுள்ள எல்லா இயங்குதளங்களிலும் இருந்தே ஆக வேண்டியவை. ஆட்-ஆன்கள் குறிப்பிட்ட தேவைக்கானவை, சில இயங்குதளங்களில் மட்டும் இருந்தால்கூடப் போதும். எசென்ஷியல்ஸ் தம் மேஜர் பதிப்பு முழுக்கப் பழைய செயலிகளை உடைக்காமல் இருந்தாக வேண்டும். ஆட்-ஆன்களோ தங்கள் வாக்குறுதி என்ன என்பதைத் தாங்களே அறிவிக்கலாம். இந்தச் சலுகையைப் பார்த்து, ஆட்-ஆன் என்றால் லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

2020 டிசம்பரில் க்யூட் 6.0 வந்தபோது மல்டிமீடியா, புளூடூத், வெப்எஞ்சின் முதலிய பல ஆட்-ஆன்கள் அதில் இல்லை. 2021 செப்டம்பரில் வந்த 6.2-இல்தான் அவை சேர்ந்தன. அவற்றை நம்பியிருந்த செயலிகள் அதுவரை க்யூட் 5-ஐ விட்டு நகர முடியவில்லை. ஒரு ஆட்-ஆன் தாமதமானால் அதன்மேல் கட்டிய அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். நீங்கள் உள்ளே கொண்டுவரப் போவது அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

நிரலைத் தொடுவதற்கு முன்

மூன்று விஷயங்களை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்: யார் பார்த்துக்கொள்வது, என்ன உரிமம், என்ன பெயர்.

மெயின்டெய்னர் இல்லாத மாட்யூலை யாரும் வெளியீட்டில் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. உங்கள் பெயரோடு இன்னொருவர் பெயரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. க்யூட்டில் நிரல் உள்ளே போக மறு ஆய்வில் இன்னொருவர் பிளஸ் 2, அதாவது முழு ஒப்புதல், கொடுத்தாக வேண்டும். உங்கள் துறையைப் புரிந்துகொண்டு அதைக் கொடுக்கக்கூடியவர் யாரும் இல்லையென்றால் உங்கள் மாற்றங்கள் வாரக்கணக்கில் கிடக்கும். அதனால் நிரலைக் காட்டுவதற்கு முன் ஆளைத் தேடுங்கள்.

உரிமத்தில் குழப்பம் வேண்டாம். பெரும்பாலான க்யூட் மாட்யூல்கள் வணிக உரிமம், எல்ஜிபிஎல் 3, ஜிபிஎல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயனர் தேர்ந்துகொள்ளும்படி வெளியாகின்றன. சார்ட்ஸ், வர்ச்சுவல் கீபோர்டு போன்ற சில ஆட்-ஆன்களுக்குத் திறமூலப் பக்கத்தில் ஜிபிஎல் 3 மட்டுமே. எந்தக் கூட்டத்தில் உங்களுடையது சேரும் என்பதைத் திட்டத்தில் உள்ளவர்களோடு பேசி எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் எஸ்பிடிஎக்ஸ் என்ற, உரிமங்களைக் குறிக்கும் பொது முறையில் காப்புரிமை வரியும் உரிம வரியும் இருக்க வேண்டும். உதாரணங்களுக்கு பிஎஸ்டி, ஆவணங்களுக்கு ஜிஎஃப்டிஎல் என்று தனித்தனி வழக்கம் உண்டு. பங்களிப்பவர் ஒவ்வொருவரும் கெரிட் (க்யூட்டின் நிரல் மறு ஆய்வுத் தளம்) கணக்கில் பங்களிப்பு ஒப்பந்தத்தை ஏற்றிருக்க வேண்டும்.

பார்கோடு படிக்கும் கணக்கீட்டை நீங்களே எழுதாமல், வேறெங்கோ இருந்த சி நூலகத்தை உள்ளே எடுத்து வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் பெயர், பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம் என்பவற்றை அதற்கென்று உள்ள ஜேசன் கோப்பில் பதிய வேண்டும். ஆவணத்தில் வரும் மூன்றாம் தரப்பு நிரல் பட்டியல் அந்தக் கோப்பிலிருந்துதான் உருவாகிறது. இதைக் கடைசி வாரத்தில் செய்யலாம் என்று தள்ளிப்போட்டு வெளியீட்டையே தவறவிட்டவர்கள் உண்டு. சட்டம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு நீங்கள் தட்டச்சு செய்யும் வேகத்தில் பதில் வராது.

பெயர் எளிது. ரெப்போவின் பெயர் முழுக்கச் சிறிய எழுத்தில், க்யூட் முன்னொட்டோடு, இடையில் கோடு இல்லாமல் இருக்கும். சிமேக் (நிரலைக் கட்டும், அதாவது பில்ட் செய்யும், கருவி) இலக்கின் பெயர், கியூஎம்எல் இம்போர்ட் பெயர், நூலகக் கோப்பின் பெயர் எல்லாம் ஒரே சொல்லிலிருந்து பிறக்க வேண்டும். ஒரு முறை வெளியான பிறகு பெயரை மாற்ற முடியாது என்பதால் இரண்டு நாள் கூடுதலாக யோசித்தாலும் தவறில்லை.

எலும்புக்கூடு

புதிதாக எதையும் கண்டுபிடிக்காதீர்கள். ஏற்கெனவே வெளியாகிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய மாட்யூலை, க்யூட் எஸ்விஜி போன்ற ஒன்றை, திறந்து வைத்துக்கொண்டு அதன் அடைவு அமைப்பை அப்படியே பின்பற்றுங்கள். மூல நிரல், டெஸ்ட், உதாரணம், உரிமக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் இடம் வகுத்திருக்கிறது. மேலடைவில் சிமேக் கன்ஃப் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும், பதிப்பு எண் அதில்தான். வெளியீட்டில் சேரும் ஆட்-ஆன்கள் எல்லாம் க்யூட்டின் பதிப்பு எண்ணையே சுமக்கின்றன. வெளியில் இருந்தபோது 1.4 என்று வைத்திருந்தாலும் உள்ளே வந்ததும் அது 6 சொச்சம்தான். பழைய பயனர்களுக்கு இது குழப்பம் தரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்யூலை உருவாக்கும் சிமேக் கட்டளைகளில் சாதாரணச் சிமேக் செயல்களைப் பயன்படுத்தாதீர்கள். க்யூட்டுக்கென்று உள்ளக மாட்யூல் சேர்க்கும் செயல் உண்டு. ஹெடர்களை உரிய இடத்துக்கு அனுப்புவது, செயலிகள் உங்கள் நூலகத்தைக் கண்டுபிடிக்கத் தேவையான சிமேக் கோப்புகளை உண்டாக்குவது, வெளியே தெரியத் தேவையில்லாத உட்பெயர்களை (சிம்பல்களை) மறைத்து வைப்பது என எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். நீங்களாகக் கையால் செய்தால் உங்கள் கணினியில் ஓடும், இன்ஸ்டாலரில் இருந்து இறக்கியவருக்கு ஓடாது.

சார்புகள்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

ஒவ்வொரு ரெப்போவின் மேலடைவிலும் சார்புகளைச் சொல்லும் யாம்ல் கோப்பு ஒன்று இருக்கும். எந்த ரெப்போக்கள் வேண்டும், அவற்றின் எந்தக் கமிட், கட்டாயமா விருப்பமா என்ற மூன்றே தகவல்தான் அதில். நம் பார்கோடுக்கு அடிப்படை ரெப்போ கட்டாயம். கேமராவுக்கு மல்டிமீடியா விருப்பம். கியூஎம்எல் பகுதிக்கு டிக்ளரேட்டிவ் (கியூஎம்எல் இருக்கும் ரெப்போ) விருப்பம்.

விருப்பச் சார்பில்தான் ஆபத்து இருக்கிறது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது யாம்ல் கோப்பில் அடிப்படை ரெப்போவை மட்டும் எழுதியிருந்தேன். சிமேக்கில் கியூஎம்எல் பகுதியை, கியூஎம்எல் நூலகம் கிடைத்தால் மட்டும் கட்டு என்று நிபந்தனைக்குள் வைத்திருந்தேன். என் கணினியில் க்யூட் முழுதாக இருந்ததால் எல்லாம் கட்டுப்பட்டது. தானியங்கி பில்ட் இயந்திரத்தில் யாம்ல் கோப்பில் சொன்னவை மட்டுமே இருக்கும். அங்கே கியூஎம்எல் நூலகம் இல்லை, நிபந்தனை பொய்யாயிற்று, அந்தப் பகுதி தவிர்க்கப்பட்டது. அதற்கான டெஸ்டுகளும் அதே நிபந்தனைக்குள் இருந்ததால் அவையும் தவிர்க்கப்பட்டன. எங்கும் பிழை இல்லை, எல்லாம் பச்சை. பீட்டாவை இறக்கிப் பார்த்த ஒருவர் இம்போர்ட் வேலை செய்யவில்லை என்று எழுதிய பிறகுதான் நூலகத்தின் பாதி பேக்கேஜிலேயே இல்லை என்று தெரிந்தது. திருத்தம் மூன்று வரி. தெரிந்துகொள்ள எடுத்தது ஏழு வாரம்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். பில்ட் வெற்றி என்பதைப் பார்த்தால் போதாது. பில்ட் பதிவைத் திறந்து, எத்தனை டெஸ்ட் ஓடியது என்ற எண்ணையும் எந்தக் கோப்புகள் இன்ஸ்டால் ஆயின என்ற பட்டியலையும் உங்கள் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அப்புறம், ஒரு வெற்று அடைவில் யாம்ல் கோப்பில் உள்ள ரெப்போக்களை மட்டும் கட்டி, அதன்மேல் உங்கள் மாட்யூலைக் கட்டிப் பாருங்கள். அங்கே இன்ஸ்டால் ஆனதை வைத்து, மாட்யூலுக்கு வெளியே ஒரு பத்து வரிச் செயலி எழுதுங்கள். உங்கள் மூல அடைவைத் தொடாமல் அந்தச் செயலி கட்டுப்பட்டு ஓடினால் சார்புகள் சரி.

யாம்ல் கோப்பில் உள்ள கமிட் எண்களை நீங்கள் தொடர்ந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு பாட் (தானியங்கி நிரல்) உண்டு. முதலில் அடிப்படை ரெப்போவின் புதிய நிலையை எடுத்து, அதை மட்டும் நம்பியிருக்கும் மாட்யூல்களைப் புதுப்பிக்கும். பிறகு அவற்றை நம்பியிருப்பவை, பிறகு அடுத்த வரிசை. நடுவில் ஒன்று விழுந்தால் அதற்குமேல் உள்ளவை அந்தச் சுற்றில் நகராது. உங்கள் மாட்யூலை வேறு யாரும் நம்பியிருக்காதவரை உங்கள் தோல்வி பெரும்பாலும் உங்களோடு முடியும். நம்ப ஆரம்பித்துவிட்டால், உங்கள் டெஸ்ட் ஒன்று விழுவதால் இன்னொருவர் வேலை நிற்கும். தேவையில்லாத சார்பு ஒன்றைக்கூட வைக்காதீர்கள் என்று மூத்தவர்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்பது அப்போது புரியும்.

ஹெடர் கோப்புகள்: திரும்பப் பெற முடியாதவை

உள்ளே உள்ள நிரலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பொது ஹெடர் அப்படியல்ல. வெளியான பிறகு அது உங்களுடையதல்ல, பயனர்களுடையது.

ஏன் என்பதை ஒரு முறை அருகில் வைத்துப் பார்த்துவிடுவோம். கியூஆப்ஜெக்டிலிருந்து பிறந்த பார்கோடு ரீடர் என்ற கிளாஸ் உங்களிடம் இருக்கிறது. 64 பிட் கணினியில் கியூஆப்ஜெக்டின் அளவு 16 பைட்: விர்ச்சுவல் அட்டவணைக்கு ஒரு பாயின்டர் 8 பைட், உள் விவரங்களுக்கு ஒரு பாயின்டர் 8 பைட். உங்கள் கிளாஸில் சொந்த உறுப்பு எதுவும் இல்லாவிட்டால் அதுவும் 16 பைட்தான். பயனர் தன் செயலியைக் கம்பைல் செய்யும்போது, இந்தப் பொருளுக்கு 16 பைட் ஒதுக்கு என்ற எண் அவருடைய செயலிக்குள்ளேயே பதிந்துவிடுகிறது. அடுத்த வெளியீட்டில் நீங்கள் சாதாரணமாக ஒரு முழு எண் உறுப்பைச் சேர்க்கிறீர்கள். கிளாஸின் அளவு 24 ஆகிறது. பயனர் புது நூலகக் கோப்பை மட்டும் மாற்றுகிறார், செயலியை மறுபடி கம்பைல் செய்யவில்லை. செயலி பழையபடி 16 பைட் ஒதுக்குகிறது. உங்கள் புதிய கன்ஸ்ட்ரக்டர் பதினாறாவது பைட்டைத் தாண்டிப் போய் எழுதுகிறது. அங்கே இருந்தது வேறு யாருடைய தரவோ. செயலி உடனே விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் அரை மணி கழித்துச் சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

அதனால்தான் க்யூட்டில் உறுப்புகளைப் பொது கிளாஸில் வைக்காமல், தனி பிரைவேட் கிளாஸில் வைத்து ஒரு பாயின்டர் வழியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். டி-பாயின்டர் என்று இதற்குப் பெயர். அந்தப் பிரைவேட் கிளாஸ் எவ்வளவு வளர்ந்தாலும் வெளியே தெரியும் அளவு மாறாது. இதேபோல் வெளியான கிளாஸில் புதிய விர்ச்சுவல் செயலைச் சேர்ப்பதும், ஏற்கெனவே உள்ள செயலின் அளவுருக்களை மாற்றுவதும் பழைய செயலிகளை உடைக்கும். முதல் வெளியீட்டுக்கு முன்பு இவையெல்லாம் இலவசம், பிறகு அடுத்த மேஜர் பதிப்புவரை பூட்டு. எனவே ஹெடரில் ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது இன்றே வெளியில் இருந்தாக வேண்டுமா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் உள்ளே வைத்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் முடியாது.

சில சிறு விஷயங்களும் இங்கே உண்டு. கிளாஸை நூலகத்துக்கு வெளியே தெரியவைக்கும் ஏற்றுமதி மேக்ரோவை மறந்தால் நூலகம் கட்டுப்படும், பயனரின் செயலி லிங்க் ஆகாது. ஹெடர்களுக்கென்று தனிச் சோதனை ஒன்று ஓடும். அதில் சிக்னல்ஸ், ஸ்லாட்ஸ் போன்ற சிறப்புச் சொற்களை அப்படியே எழுதினால் தோற்கும், மேக்ரோ வடிவத்தில்தான் எழுத வேண்டும். பிரைவேட் ஹெடரைப் பொது ஹெடருக்குள் இழுக்கக் கூடாது.

டெஸ்டும் காயினும்

க்யூட்டின் தானியங்கிச் சோதனை அமைப்புக்குப் பெயர் காயின். நீங்கள் மாற்றத்தைக் கெரிட்டில் ஏற்றி, ஒப்புதல் வாங்கி, ஸ்டேஜ் செய்தால் (சேர்ப்பதற்கு வரிசையில் விட்டால்) காயின் அதை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்று பல அமைப்புகளில் கட்டி, டெஸ்டுகளை ஓட்டி, எல்லாம் தேறினால்தான் கிளையில் சேர்க்கும். ஒரே நேரத்தில் ஸ்டேஜ் ஆன மாற்றங்கள் கூட்டாகப் போகும். ஒன்று தோற்றால் அந்தக் கூட்டமே திரும்பி வரும்.

இங்கே புதியவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி. காயின் பில்டில் கம்பைலர் எச்சரிக்கை பிழையாகவே எடுத்துக்கொள்ளப்படும், ஆகவே உங்கள் கணினியிலும் டெவலப்பர் பில்ட் அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள். ஐஓஎஸ்-இல் க்யூட் வழக்கமாக ஸ்டாட்டிக்காகக் கட்டப்படுகிறது. பிளகின் ஏதும் இருந்தால் அங்கே ஏற்றப்படாமல் போகலாம், அதனால் ஒரு ஸ்டாட்டிக் பில்டையும் முயன்று பாருங்கள். உங்கள் மாட்யூல் ஓர் இயங்குதளத்தில் ஓடாது என்றால் பரவாயில்லை, ஆட்-ஆனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அதைச் சிமேக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கட்டிப் பார்த்துத் தோற்பது வேறு, இந்தத் தளத்தில் இது இல்லை என்று பதிவில் தெளிவாக எழுதிவிட்டு விலகுவது வேறு.

சில நேரம் ஓடி, சில நேரம் விழும் டெஸ்ட் ஒன்று உங்களிடம் இருந்தால் மாட்யூலைச் சேர்ப்பதற்கு முன் அதைத் தீர்த்துவிடுங்கள். டெஸ்டின் அடைவில் ஒரு விலக்குப் பட்டியல் வைத்து அதன் தோல்வியைக் கணக்கில் எடுக்காமல் விடும் வழி உண்டு, ஆனால் அது கடைசி வழி. கேமரா இல்லாத இயந்திரத்தில் கேமரா டெஸ்ட் எழுதுவது, நேரத்தை நம்பி எழுதுவது, வெளி இணையதளத்தைத் தொடுவது, இந்த மூன்றும்தான் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம். பார்கோடுக்கு நல்ல வழி, சிறு படக் கோப்புகளை டெஸ்டுக்குள்ளேயே வைத்து அவற்றைப் படிக்கச் சொல்வது.

ஆவணம்

கியூடாக் கருவி மூலக் கோப்பில் உள்ள குறிப்புகளிலிருந்து ஆவணத்தை உருவாக்கும். ஒவ்வொரு பொதுச் செயலுக்கும் குறிப்பு வேண்டும், எந்தப் பதிப்பிலிருந்து என்ற குறியும் வேண்டும். எச்சரிக்கை வரம்பைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டால் ஒரு விடுபட்ட குறிப்புகூடத் தப்பாது. மாட்யூலின் முதல் பக்கம், கிளாஸ் பட்டியல், குறைந்தது ஓர் உதாரணம், உரிமப் பகுதி ஆகியவை கட்டாயம். எல்லா மாட்யூல்களையும் பட்டியலிடும் பக்கம் உங்கள் ரெப்போவில் இல்லை, தனி ஆவண ரெப்போவில் இருக்கிறது. அங்கே ஒரு வரி சேர்க்க மறந்தால் உங்கள் ஆவணம் இருக்கும், ஆனால் யாருக்கும் கண்ணில் படாது.

பெரிய ரெப்போவுக்குள் நுழைவது

க்யூட்டின் எல்லா மாட்யூல்களையும் ஒன்றாகக் கட்டும் ஒரு மேல் ரெப்போ உண்டு. க்யூட் 6 வந்து பல ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் இன்னும் க்யூட் 5 என்றே இருக்கிறது. பெயரைப் பார்த்து வேறு ரெப்போ தேடாதீர்கள், அதேதான். அதில் உள்ள கிட்மாட்யூல்ஸ் கோப்பில் உங்கள் மாட்யூலுக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும்: இருக்கும் இடம், கிளை, எவற்றை நம்பியிருக்கிறது, எவற்றைப் பரிந்துரைக்கிறது, அதன் நிலை என்ன. உங்கள் யாம்ல் கோப்பில் கட்டாயம் என்று சொன்னவை இங்கே சார்பிலும், விருப்பம் என்று சொன்னவை பரிந்துரையிலும் வர வேண்டும். இரண்டு இடமும் முரண்பட்டால் உங்கள் ரெப்போவைத் தனியாகக் கட்டும்போது ஒரு விதமாகவும், மொத்தமாகக் கட்டும்போது வேறு விதமாகவும் நடக்கும்.

நிலை என்ற அந்த ஒரு சொல் முக்கியமானது. எசென்ஷியல், ஆட்-ஆன், முன்னோட்டம், டெப்ரிகேட்டட் (கைவிடப்படவிருப்பது) என்று சில மதிப்புகள் உண்டு. புதியவர்களுக்கு என் அழுத்தமான பரிந்துரை முன்னோட்டம், அதாவது டெக்னாலஜி பிரிவியூ. நிரல் வெளியாகும், மக்கள் பயன்படுத்துவார்கள், ஆனால் ஹெடரை மாற்றும் சுதந்திரம் உங்களிடம் இருக்கும். பெரியவர்களும் இந்த வழியில்தான் வந்தார்கள். க்யூட் எச்டிடிபி சர்வர் 2022-இல் வந்த 6.4-இல் முன்னோட்டமாக நுழைந்தது. க்யூட் கிராஃப்ஸ் 2023-இல் வந்த 6.6-இல் அப்படி நுழைந்து, 2024-இல் வந்த 6.8-இல்தான் முழு ஆதரவு பெற்றது. ஒரு வருட காலம் உண்மையான பயனர்கள் கையில் இருந்தால், நீங்கள் மேஜையில் உட்கார்ந்து ஐந்து வருடம் யோசித்தாலும் தெரியாத குறைகள் வெளியே வந்துவிடும்.

நாள்காட்டி

க்யூட் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியாகிறது. இறுதி வெளியீட்டுக்குச் சுமார் நான்கு மாதம் முன்பே ஃபீச்சர் ஃப்ரீஸ், அதாவது புதிய வசதிகளை இனிச் சேர்க்க முடியாத நாள், வந்துவிடும். புதிய மாட்யூல் அந்த நாளுக்குள் மேல் ரெப்போவில் நுழைந்து, எல்லாத் தளங்களிலும் தேறியிருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் வேலையைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஃப்ரீஸுக்கு இரண்டு வாரம் முன் எல்லோருமே அவசரமாக மாற்றங்களைத் தள்ளுவார்கள், காயின் வரிசை நீளும், மறு ஆய்வு செய்பவர்களுக்கு நேரம் இருக்காது. அந்த நெரிசலுக்கு முன்பே, குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாக, மேல் ரெப்போ மாற்றத்தைக் கெரிட்டில் வைத்துவிடுங்கள். தவறவிட்டால் அடுத்ததுக்குப் போங்கள். விதிவிலக்குக் கேட்டுக் கெஞ்சி உள்ளே போன மாட்யூல் பீட்டாவில் எல்லோர் நேரத்தையும் தின்னும்.

ஃப்ரீஸுக்குப் பிறகு டெவ் எனும் முதன்மை வளர்ச்சிக் கிளையிலிருந்து வெளியீட்டுக் கிளை பிரியும். அதன்பின் திருத்தம் எப்போதும் டெவ்வில்தான் முதலில். கமிட் செய்தியின் அடியில் பிக்-டு என்று எழுதி வெளியீட்டுக் கிளையின் எண்ணைப் போட்டால், டெவ்வில் சேர்ந்ததும் பாட் அதை அந்தக் கிளைக்குக் கொண்டுபோகும். அந்த வரியை மறப்பது மிக எளிது. திருத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள், வெளியீட்டில் பிழை அப்படியே போகும்.

பீட்டா காலத்தில் ஹெடர் மறு ஆய்வு நடக்கும். முந்தைய வெளியீட்டுக்கும் இதற்கும் இடையில் பொது ஹெடர்களில் என்ன மாறியது என்பதைத் தனியாக எடுத்து எல்லோர் பார்வைக்கும் வைப்பார்கள். புது மாட்யூலுக்கு எல்லா வரியும் புதிது என்பதால் கேள்விகள் மழையாக வரும். இந்தப் பெயர் ஏன், இது ஏன் கான்ஸ்ட் இல்லை, இது ஏன் சரத்தை நகல் எடுக்கிறது என்று கேட்பார்கள். தற்காத்துப் பேசத் தோன்றும். வேண்டாம். அந்த ஆய்வாளர்கள் உங்களுக்காகப் பத்து வருடம் முன்னே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

பேக்கேஜ்

மேல் ரெப்போவில் சேர்ந்துவிட்டால் பேக்கேஜும் தானாக வரும் என்று எண்ண வேண்டாம். மாட்யூலுக்கென்று தனி மூலத் தொகுப்பு உருவாக வேண்டும். லினக்ஸ் விநியோகங்கள் அதை எடுத்துத்தான் தங்கள் பேக்கேஜைச் செய்கின்றன. ஆன்லைன் இன்ஸ்டாலரில் உங்கள் மாட்யூலுக்கு ஒரு பதிவு வேண்டும்: காட்டும் பெயர், விளக்கம், எந்தப் பேக்கேஜை நம்பியிருக்கிறது, உரிமம். இவற்றை வெளியீட்டுக் குழுவோடு பேசியே செய்ய முடியும், ஆகவே ஃப்ரீஸுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். முதல் பீட்டா வந்த அன்று நீங்களே சுத்தமான கணினியில் இன்ஸ்டாலரை ஓட்டி, உங்கள் மாட்யூலை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கி, அந்தப் பத்து வரிச் செயலியைக் கட்டிப் பாருங்கள். விண்டோஸில் ஒரு முறை, மேக்கில் ஒரு முறை. டீபக் பதிப்பையும் மறக்காதீர்கள்.

பிழைப் பதிவு அமைப்பில் உங்கள் மாட்யூலுக்கு ஒரு பிரிவும் அதற்குப் பொறுப்பாளர் பெயரும் வேண்டும். இல்லாவிட்டால் வரும் புகார்கள் பொதுக் குவியலில் விழுந்து கிடக்கும். கமிட் செய்திகளில் சேஞ்ச்லாக் வரி எழுதி வந்திருந்தால் வெளியீட்டுக் குறிப்பு அதிலிருந்தே தயாராகும்.

இறுதி வெளியீடு வந்த நாளில் வேலை குறையாது. முதல் திருத்த வெளியீடு அடுத்த சில வாரங்களில் வந்துவிடும், அதற்குள் வந்து சேரும் புகார்களில் பாதி நிறுவல் பற்றியதாகவும் மீதி ஆவணம் பற்றியதாகவும் இருக்கும். இரண்டையும் அன்றன்றே பாருங்கள். அதோடு டெவ் கிளையில் பதிப்பு எண் ஏற்கெனவே அடுத்ததுக்கு மாறியிருக்கும். முன்னோட்ட நிலையிலிருந்து வெளியே வர ஹெடரில் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற பட்டியலை அங்கே இப்போதே தொடங்குங்கள், பயனர் சொன்ன ஒவ்வொரு குறையையும் தேதியோடு அதில் சேர்த்து வாருங்கள். அடுத்த ஃப்ரீஸுக்கு இரண்டு மாதமே இருக்கும்.